சிறைச் சுவரின் எடை

பறக்கும் ரயில் வந்த புதிதில் திருமயிலையில் ஏறினால் கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது பார்க் டவுன். கால் மணி நேரப் பயணம். பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை நீண்டது 1997-ல். அதன் முதல் சில ஆண்டுகளில் அந்த ரயிலில் போனவர்களுக்கு, பார்க் டவுனை நெருங்கும்போது தெரிந்த உயரமான மதில் நினைவிருக்கும். பேசிக்கொண்டு வருகிறவர்கள்கூட ஒரு நொடி பேச்சை நிறுத்தி அந்தப் பக்கம் திரும்புவார்கள். சென்னை மத்திய சிறை அது. 1837-ல் 16,496 ரூபாய் செலவில் கட்டப்பட்டது. சுபாஷ் சந்திர போஸ் முதல் அண்ணா, கருணாநிதி, ஜெயலலிதா வரை அதற்குள் இருந்துவிட்டு வந்தவர்களின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டால் தமிழகத்தின் அரசியல் வரலாற்றில் பாதியை எழுதிவிடலாம்.

2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். மூன்று ஆண்டுகள் கட்டடம் காலியாகக் கிடந்தது. இடிப்பதற்கு முன் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். 2009 ஜூனில் இடிப்பு தொடங்கியது. இன்று அந்த மண்ணில் சென்னை மருத்துவக் கல்லூரியின் புதிய வளாகம் நிற்கிறது. கல்லூரி தொடங்கியது 1835-ல். சிறை வந்தது 1837-ல். ஏறக்குறைய சம வயதுடைய இரண்டு அண்டை வீட்டுக்காரர்களில் ஒருவர் மற்றவரின் மனைக்குக் குடிபோன கதை இது.

வரலாற்று ஆர்வலர்கள் அந்த இடிப்பை நினைத்து வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த அத்தியாயத்தில் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. 172 ஆண்டு பழைய சிறை ஒன்றை இடித்து, அந்த இடத்தில் வேறொன்றைக் கட்டினால் காற்றுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் என்ன ஆகிறது? அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்கி எதுவரை போடுவது?

சுவரிலிருந்தே தொடங்குவோம்.

கணக்குக்காக ஒரு சிறை மதிலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் உயரம், அறுபது சென்டிமீட்டர் தடிமன். மொத்தம் 300 கன மீட்டர் செங்கல் கட்டு. ஒரு கன மீட்டருக்கு இன்றைய அளவுச் செங்கல் சுமார் 500 பிடிக்கும். ஆக ஒன்றரை லட்சம் செங்கல். எடை சுமார் 540 டன். பதினைந்து டன் ஏற்றும் டிப்பர் லாரியில் அள்ளினால் 36 நடை. நூறு மீட்டர் மதிலுக்கே இவ்வளவு. சிறை என்பது சுற்றி வரும் மதில், அதற்குள் இன்னொரு மதில், அதற்குள் கொட்டடிகள், பட்டறைகள், சமையற்கூடம். மற்றக் கட்டடங்களில் சுவர் கூரையைத் தாங்குவதற்காக இருக்கும். சிறையில் மனிதனைத் தடுப்பதற்காகவும் இருக்கிறது. அதனால்தான் அதே பரப்புள்ள பள்ளியையோ அலுவலகத்தையோ விடச் சிறைக்குள் புதைந்திருக்கும் செங்கல் அதிகம்.

அந்தச் செங்கலைச் சுட எரிபொருள் செலவாகியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கடராம ரெட்டியும் ஜெகதீஷும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் நாட்டுக் கட்டுமானப் பொருட்களைப் பற்றிப் பேசும் எல்லோரும் எடுத்துப் பார்ப்பது. சூளையில் சுட்ட செங்கல் ஒன்றுக்குச் சுமார் 4.25 மெகாஜூல் ஆற்றல் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நம் கற்பனை மதிலின் ஒன்றரை லட்சம் செங்கல்லுக்கு அதைப் பெருக்கினால் ஆறு லட்சத்துக்கும் அதிகமான மெகாஜூல் வருகிறது. அதை வீட்டுக் கணக்கில் சொன்னால், நம் சமையலறைக்கு வரும் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர்களில் ஏறக்குறைய ஆயிரம். ஒரு குடும்பம் மாதம் ஒரு சிலிண்டர் செலவழித்தால் எண்பது ஆண்டுக்கு மேல் சமைக்கலாம்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் குறுக்கிட்டு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்கலாம். 1837-ல் எரிந்த விறகு எரிந்ததுதானே? கட்டடத்தை இடித்தாலும் வைத்திருந்தாலும் அந்தப் புகை திரும்பி வராதே?

சரிதான். பழைய கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். சுவருக்குள் உறைந்திருக்கும் ஆற்றலைச் சொல்லி, அதை இழந்துவிடுவோம் என்கிறார்கள். செலவானது செலவானதுதான். கணக்கில் எழுத வேண்டியது வேறு: இடித்த பிறகு அதே பயனைப் பெற இனிமேல் எவ்வளவு எரிக்கப் போகிறோம்? புதிய கான்கிரீட் கட்டடத்தில், பொருட்களைத் தயாரித்துக் கட்டி முடிப்பதற்குள், ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 600 கிலோ வரை கரியமில வாயு வெளியாவதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். இருபதாயிரம் சதுர மீட்டர் கட்டடம் என்றால் ஆறாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் டன். இது கட்டடத்தில் முதல் விளக்கு எரிவதற்கு முன்பே வானத்துக்குப் போய்விடும் புகை. இன்று போகும் புகை. பூமியின் வெப்பநிலையை ஒரு வரம்புக்குள் நிறுத்த நமக்கு மிஞ்சியிருக்கும் ஆண்டுகள் குறைவு என்பதால் இன்றைய ஒரு டன் முப்பது ஆண்டு கழித்து மிச்சமாகும் ஒரு டன்னைவிடக் கனமானது.

புதிய கட்டடம் மின்சாரத்தை மிச்சப்படுத்தி இந்தக் கடனை அடைக்காதா? அடைக்கும். எத்தனை ஆண்டில் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை 2011-ல் செய்த ஆய்வு, முப்பது சதவீதம் குறைவான ஆற்றலில் இயங்கும் புதிய கட்டடத்துக்குக்கூட அந்தக் கடனை அடைக்கப் பத்து முதல் எண்பது ஆண்டு வரை ஆகும் என்றது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. கிடங்கு ஒன்றை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றியபோது லாபம் எதுவும் வரவில்லை. உள்ளே அவ்வளவு புதிய பொருட்களைக் கொட்ட வேண்டியிருந்தது. ஆகவே 'பழையது என்றால் பசுமை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. என்னவாக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

சுவரில் செங்கல்லைப் போலவே முக்கியமானது அதைப் பிடித்து நிற்கும் சாந்து. அந்தக் காலச் சென்னையில் சிமென்ட் இல்லை. பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் மணலும்தான். மேல்பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த காரை. கூரைக்கு மரச் சட்டங்களின் மேல் அச்சுக்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிய பழைய வீடுகளில் மிஞ்சியிருப்பவற்றில் இன்றும் தலையை உயர்த்தினால் அதைப் பார்க்கலாம்.

சுண்ணாம்பின் வேதியியல் அழகானது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயுவை வெளியே விட்டுச் சுண்ணாம்பாகிறது. நீற்றிச் சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்துத் திரும்பக் கல்லாகிறது. விட்டதில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சிமென்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். அதுவும் காற்றிலிருந்து ஓரளவு எடுத்துக்கொள்ளும், ஆனால் விட்டதில் சிறுபகுதிதான். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருகிறது.

இடிக்கும் நாளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் கொத்தனார் ஒரு செங்கல்லைக் கையில் கொடுத்தார். "தட்டிப் பாருங்க சார், சுண்ணாம்புக் கட்டு. லேசா தட்டினா சாந்து உதிர்ந்துடும், கல்லு முழுசா வரும். சிமென்ட்ல வச்சிருந்தா கல்லு உடையும், சாந்து உடையாது" என்றார். பொருளறிவியல் பாடப் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்தால் கட்டடம் சாகும்போது கல் பிழைக்கும். சுண்ணாம்புக் கட்டில் எழுந்த பழைய சிறை ஒரு செங்கல் வங்கி. தேக்குச் சட்டங்கள், இரும்புக் கம்பிகள், கருங்கல் படிகள், தரைக் கற்கள் எல்லாமே திரும்பப் பயன்படும். ஆனால் அதற்குக் கடப்பாரையும் ஆளும் நாட்களும் வேண்டும். பொக்லைன் இயந்திரம் ஒரே நாளில் வேலையை முடித்துவிடும். முழுக் கல் எல்லாம் ரப்பீஷ் ஆகிவிடும். இடிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் அவகாசம் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் எத்தனை செங்கல் பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இடிக்காமலே மாற்றிய ஊர்கள் உண்டு. பக்கத்திலேயே பெங்களூரு. அங்கே மத்திய சிறையைப் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றிய பிறகு, இருபது ஏக்கருக்கு மேற்பட்ட பழைய வளாகத்தை 2008-ல் சுதந்திரப் பூங்காவாகத் திறந்தார்கள். நடுவில் இருந்த காவல் கோபுரம் நிற்கிறது. கொட்டடி ஒன்று நிற்கிறது. மற்றவற்றை எடுத்துவிட்டு மண்ணைத் திறந்து விட்டிருக்கிறார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாயும் அத்வானியும் அடைபட்டிருந்த இடத்தில் இன்று காலையில் முதியவர்கள் நடக்கிறார்கள். போராடுகிறவர்கள் கூடவும் அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கொல்கத்தாவில் அலிப்பூர்ச் சிறை 2022-ல் அருங்காட்சியகமானது. இலங்கையில் கண்டி போகம்பரைச் சிறை 1876-லிருந்து இயங்கி, 2014-ல் மூடப்பட்டு, மறுபயன்பாட்டுக்குக் காத்துக் கிடந்தது. கோலாலம்பூரில் புடு சிறையின் நீண்ட மதில் 2010-ல் இடிந்தது. அங்கே இப்போது வணிக வளாகம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சிறை 2006-ல் தங்கும் விடுதியானது. மூன்று கொட்டடிகளைச் சேர்த்து ஓர் அறை. இந்த உதாரணத்தைக் காட்டி, சென்னைச் சிறையையும் அப்படிச் செய்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அதை அறிவியல் கண்ணோடு பார்க்க வேண்டும். தடித்த சுவர் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடும். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகமுள்ள ஊரில் அது வரம். கடலோரச் சென்னையில் இரவும் புழுக்கம்தான். தடித்த சுவர் பகல் வெயிலை விழுங்கி, பல மணி நேரம் கழித்து, நாம் படுத்திருக்கும்போதும் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். இங்கே உடலுக்கு ஆறுதல் தருவது சுவரின் தடிமன் அல்ல, ஊடே வீசும் காற்று. சிறைக் கொட்டடி காற்றோட்டத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. அதை விடுதியாக்கினால் குளிர்சாதன இயந்திரம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பழைய சுவரில் உப்பு ஏறியிருந்தால் அதன் மேல் சிமென்ட் பூச்சு பூசுவதும் ஆகாது. ஈரம் உள்ளே சிக்கி, உப்பு படிகமாகி, காரை பொரிந்து உதிரும்.

ஆகவே சென்னைச் சிறையில் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவக் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டது உண்மை. பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் மாணவர்கள் படிக்க வேறு மனை எங்கே கிடைக்கும்? ஆனால் வாயில் கட்டடத்தையும் மதிலின் ஒரு பகுதியையும் இரண்டு மூன்று தொகுதிகளையும் வைத்துக்கொண்டு, ஆய்வகங்களுக்குப் புதிய கட்டடம் எழுப்பியிருக்கலாம். தடித்த சுவரும் குறைந்த வெளிச்சமும் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பொருந்தும். அது இடிப்புக்கும் காப்புக்கும் நடுவே உள்ள வழி. அளந்து பார்த்தால்தான் அந்த வழி கண்ணில் படும்.

இனி தூசி. இந்தச் சிறையைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் அரசுப் பொது மருத்துவமனை. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நோயாளிகள் வந்து படுக்கும் இடம்.

பழைய சுவரை இடிக்கும்போது எழும் தூசி ஒரே பொருள் அல்ல. மணலிலும் செங்கல்லிலும் உள்ள சிலிக்கா நுண்துகளாகி நுரையீரலின் அடிவரை போகும். படிக வடிவச் சிலிக்காவைப் புற்றுநோய் தரும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. கம்பிகளின் மேல் தலைமுறை தலைமுறையாக அடித்த வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தை 90 பிபிஎம் என்ற அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்ணம் எதையும் சோதிக்காமல் சுரண்டுவது ஆபத்து. பிற்காலத்தில் சேர்த்த கொட்டகைகளின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும்.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. ஈரம் ஊறிய பழைய சுவர், மக்கிய மரம், புறா எச்சம் ஆகியவற்றில் குடியிருக்கும். அதன் விதைத்துகள் இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான். இடிக்கும்போது காற்றில் எழுந்து மணிக்கணக்கில் மிதக்கும். ஆரோக்கியமான நீங்களும் நானும் அதைத் தினமும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியின் நுரையீரலில் அது வேர்விட்டால் உயிரையே எடுக்கும். மருத்துவமனைகளுக்கு அருகே நடந்த கட்டுமான, இடிப்பு வேலைகளைத் தொடர்ந்து இந்தத் தொற்று பரவியதை உலகின் பல நாட்டு மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அதனால்தான் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த வார்டின் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்தாக வேண்டும். சென்னையில் ஜூன் மாதம் காலையில் மேல்காற்று, பிற்பகலில் கடல்காற்று. ஒரே நாளில் தூசி இரண்டு திசைக்குப் போகும். தண்ணீர் தெளிப்பது, தார்ப்பாய் கட்டுவது, உயரமான மதிலை மேலிருந்து கீழாக இறக்குவது, எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளை வடிகட்டிய காற்றுள்ள அறைக்கு மாற்றுவது: இவையெல்லாம் விலை உயர்ந்த தொழில்நுட்பம் அல்ல. யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடித்த பொருள் எங்கே போகிறது? 2009-ல் இதற்கென்று தனி விதி நாட்டில் இல்லை. கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல்தான் வந்தன. 2025-ல் அறிவித்த புதிய விதிகளின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. விதி வருவதற்கு முன் இந்த நகரத்தின் ரப்பீஷ் எங்கே போனது என்பதைத் தென்சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடையாற்றின் கழிமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கர், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாகிப்போன அடையாற்று ஓடையிலிருந்து மீட்டெடுத்தது. அலையாத்திச் செடியை நடுவதற்கு முன் யாரோ எப்போதோ இடித்த வீடுகளின் சுவர்களை அள்ளி எடுக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதன் ஓரங்களிலும் இடிபாடு கொட்டி நிலமாக்கிய கதை உண்டு. தி.நகரில் ஒரு பங்களா மூன்று மாடி அடுக்ககமாகும்போது, அதன் பழைய சுவர் ஏதோ ஒரு நீர்நிலையின் கரையைத் தேடிப் போகிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அடையாறு கொண்டுவந்தது மழைநீரை மட்டும் என்று நினைக்கிறோம். நாம் நிரப்பிவிட்ட இடத்தில் நிற்க முடியாத நீர் அது.

சிறை வளாகத்தின் திறந்த மண்ணும் கணக்கில் வர வேண்டும். நகரத்தின் நடுவில் இவ்வளவு வெட்டவெளி எளிதில் மிஞ்சுவதில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஓர் ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 56 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய 470 நடை. 2019 கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை மயிலாப்பூரும் அடையாறும் மறந்திருக்காது. மண்ணை மூடினால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வடிகாலுக்குப் போய்க் கூவத்தில் கலக்கும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம் என்பது ஓரளவு ஆறுதல். குழியைத் தூர்வாரும் வரைக்கும்தான் அந்த ஆறுதல். மண்ணைத் திறந்து விடுவதற்கு முன் சோதிக்கவும் வேண்டும். சிறைகளில் சாயப் பட்டறை, அச்சுக்கூடம், தோல் வேலை என்று பல தொழில்கள் நடப்பதுண்டு. ஈயமும் குரோமியமும் தங்கிய மண்ணுக்குள் மழைநீரை இறக்கினால் நிலத்தடி நீர் கெடும்.

இதுவரை நாம் மதிலுக்கு உள்ளேயும் அதன் பக்கத்திலும் மட்டும் பார்த்தோம். என் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது மதிலைத் தாண்டிய கணக்கு. சிறையை இடித்தாலும் அதிலிருந்த மனிதர்கள் வேறெங்கோ இருக்கத்தானே வேண்டும்? புழலில் 200 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் மூன்று சிறைகள் எழுந்தன: தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கொள்ளளவு 3,000 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவை வைத்தால் தினமும் நான்கு லட்சம் லிட்டர் தண்ணீர், அதில் பெரும்பகுதி கழிவுநீர். சென்னையின் குடிநீர் ஏரிகளில் ஒன்றான புழல் ஏரி இருக்கும் வட்டாரத்தில் இந்தச் சுமை சேர்கிறது. பார்க் டவுனில் ஒரு சிறையை மூடியதன் சுற்றுச்சூழல் விளைவில் பாதி புழலில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதாத மதிப்பீடு அரை மதிப்பீடு.

அப்புறம் பயணம். பழைய சிறையிலிருந்து உயர் நீதிமன்றமும் எழும்பூர் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். புழலிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். சைதாப்பேட்டை நீதிமன்றம் என்றால் இன்னும் தொலைவு. போலீஸ் வேன் ஒன்று போய்வர 30 கிலோமீட்டர், லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் டீசல், 13 கிலோ கரியமில வாயு. நாளைக்குப் பத்து வேன், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 40 டன். காணொலி விசாரணை வந்த பிறகு இது குறைந்திருக்கும். ஆனால் உறவினர்கள் காணொலியில் போவதில்லை. மகனைப் பார்க்க மனு போட மயிலாப்பூர்க் குப்பத்திலிருந்து ஒரு தாய் முன்பு பறக்கும் ரயிலில் ஐந்தாவது நிலையத்தில் இறங்கி நடந்து போயிருப்பாள். இப்போது இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, நகரத்தின் மறுகோடிக்குப் போகிறாள். இதைச் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்ப்பதா, சமூகக் கணக்கில் சேர்ப்பதா என்று அறிஞர்கள் வாதிடலாம். ஏதாவது ஒன்றில் சேர்த்தே ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? கைதிகளை மாற்றிய அதே 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ல்தான் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. கட்டப்போகும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன் அனுமதி தேவை என்றது அது. கல்விக் கட்டடங்களுக்கு இதிலிருந்து விலக்குத் தரும் ஏற்பாடு 2014-ல் வந்தது. அப்படிப்பட்ட விலக்கு செல்லாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் அடிப்படைக் குறை அப்படியே நிற்கிறது. அறிவிக்கை அளப்பது கட்டப்போவதன் பரப்பை. இடிக்கப்போவதன் எடையைக் கொண்டு அனுமதி தேவையா என்று அது முடிவு செய்வதில்லை. மனையை முதலில் சுத்தம் செய்துவிட்டு, வெறும் தரையைக் காட்டி அனுமதி கேட்கும்போது, நூற்றாண்டுப் பழமையான சுவர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. விண்ணப்பத்தில் 'மாற்று வழிகள்' என்று ஒரு பகுதி இருக்கும். 'இடிக்காமல் பயன்படுத்துவது' என்பதை அந்தப் பகுதியின் முதல் வரியாக விதி கட்டாயமாக்க வேண்டும். இது என் கருத்து. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சென்னைச் சிறைக்கு இனி எதுவும் செய்ய முடியாது. கோயம்புத்தூரில் இன்னும் நேரம் இருக்கிறது. வ.உ.சி. செக்கிழுத்த கோவை மத்திய சிறை 1872-லிருந்து காந்திபுரத்தில் இருக்கிறது. அதன் நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்காவுக்கு 2023 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, 2025 நவம்பரில் திறந்துவிட்டார்கள். காரமடை அருகே பிளிச்சியில் புதிய சிறைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கைதிகள் அங்கே மாறும் நாள் வரும்போது பழைய கட்டடங்கள் காலியாகும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது இது. பொறியாளர்களும் தாவரவியலாளர்களும் கொத்தனார்களும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் உள்ளே போய் வர அனுமதியுங்கள். ஒவ்வொரு சுவரின் நீள அகலத்தையும், சாந்து சுண்ணாம்பா சிமென்டா என்பதையும், ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும், கிணறு இருந்தால் அதன் நீர்மட்டத்தையும், கூரைக்குள் குடியிருக்கும் வௌவாலையும் கூகையையும், பட்டறை மண்ணில் உள்ள ஈயத்தின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். பிளிச்சியில் சேரும் சுமையையும் அதே அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அந்த அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு மக்கள் முன் வையுங்கள். அதுவரை அந்த மதிலுக்குப் பக்கத்தில் பொக்லைன் வர வேண்டாம்.